இரண்டு வெட்டும் ஒரு கொம்பும்

அத்தியாயம் 9

முதல் கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து காப்பிக் கோப்பையில் விழுந்தது. இரண்டாவது கல் யூனுஸின் காதை உரசிக்கொண்டு போய் லாக்கப் கம்பியில் மோதியது.

"சர்க்கரை போதலன்னுதானே சொன்னேன்? அதுக்கு இப்படியா?" என்றான் யூனுஸ்.

யாரும் சிரிக்கவில்லை. பயம் வந்துவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது. கம்பிக்கு அந்தப்பக்கம் கிடந்தது அவன் சொந்த அண்ணன் லேவி. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, மேலுதடு கிழிந்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை. போலீஸ் வந்து இழுத்துப் போடுவதற்குள் ஊரே கூடி அடித்த அடி.

வெளியே கத்தல் நிற்கவே இல்லை. "அவனை வெளிய அனுப்புங்கடா! எங்க பொண்ணு கழுத்தை அறுத்தவனை நாங்க அறுக்கறோம்!"

அவர்கள் பெண் ஹெர்லின். அந்த மலைநாட்டிலேயே பிறந்து, கடலோர நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்து, எருமைகளின் மரபணுவைப் படிக்கவென்று இந்த ராந்தேபா ஊருக்கே திரும்பி வந்தவள். வீடு வீடாகப் போய் எருமையின் வாலில் நாலு மயிரை வேரோடு பிடுங்குவாள். எது எந்த வம்சம், ஏன் ஒன்று கறுப்பாகவும் இன்னொன்று வெள்ளைப் புள்ளியோடும் பிறக்கிறது என்று அந்த வேரை வைத்தே சொல்லுவாள். முந்தாநாள் அவளுடைய சின்ன ஆய்வுக்கூடம் எரிந்தது. வாசலில் கழுத்து வெட்டுப்பட்டுக் கிடந்தாள். பக்கத்தில், சட்டையெல்லாம் ரத்தமாக, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு லேவி.

லேவியின் தொழில் சாவுச்சடங்குகளில் எருமை வெட்டுவது. இது போதாதா ஊருக்கு!

"நாளைக்கு மத்தியானம் இவனைக் கீழ ஜெயிலுக்குக் கொண்டுபோகணும்," என்றார் இன்ஸ்பெக்டர் பாஹர். சமவெளிக்காரர், மலைக்குளிரிலும் வியர்த்திருந்தது. "ஆத்துப் பாலத்துல பொண்ணோட அண்ணனுங்க கத்தியோட நிப்பானுங்க. என்கிட்ட இருக்கிறதே நாலு கான்ஸ்டபிளு. சொல்லிட்டேன் தமாரிஸ், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தமாரிஸ் மூலையில் அரிசி மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவள். யூனுஸ் அவளுக்கு டிரைவர், எடுபிடி, காதுக்கு ஓயாத தொல்லை எல்லாம். அவள் மடியில் ஹெர்லினின் பிணப் புகைப்படம் இருந்தது.

"லேவி, இது எத்தனை வெட்டு?"

லேவி ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான். "ரெண்டுக்கா. முதல் வெட்டு தாடையெலும்புல மோதி நின்னிருக்கு. அதுக்கு ஒரு விரல் கீழ ரெண்டாவது."

"நீ ரெண்டாவது வெட்டு வெட்டி யாராவது பாத்திருக்காங்களா?"

"இன்ஸ்பெக்டர் சார்," என்று யூனுஸ் குறுக்கே விழுந்தான், "எங்கண்ணனைக் கொலைகாரன்னு சொல்லுங்க, பொறுத்துக்குவான். ரெண்டு தடவ வெட்டினான்னு மட்டும் ஊருக்குள்ள சொல்லிராதீங்க. உசிரை விட்ருவான்."

"தமாஷ் பண்ற நேரமாடா இது?" என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். ஆனால் புகைப்படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"அக்கா, ஹெர்லின் என்கிட்ட ஒண்ணு சொன்னா," என்றான் லேவி மெல்ல. "நான் வெட்டுற எருமையோட காது நுனியெல்லாம் அவளுக்குத்தான் எடுத்துக் குடுப்பேன். அப்படித்தான் பழக்கம். பொங் லிம்போங் வீட்டுச் சாவுக்கு ஒரு சாலேகோ வந்திருக்குல்ல, சந்தையில அதோட வால் மயிரை எடுத்துப் படிச்சிருக்கா. 'அண்ணே, இந்த எருமையை எனக்கு முன்னாடியே தெரியும். சம்பே அம்மா வீட்டுல திருட்டுப்போன கன்னுக்குட்டி இதுதான். நாளைக்குப் பொங் லிம்போங்கிட்டயே போய்க் கேட்டுரப் போறேன்'னு சொன்னா. மறுநாள் சாயங்காலம் காதுத்துண்டு குடுக்கப் போறேன், வாசல்ல கிடக்குறா. தூக்கிப் பாத்தேன். மூச்சு இருந்துதுக்கா."

சாலேகோ என்றால் உடம்பெல்லாம் வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாக, கண் நீலமாக, ஆயிரத்தில் ஒன்றாகப் பிறக்கிற எருமை. செத்தவரின் ஆவி அதன்மேல் ஏறித்தான் கௌரவமாகப் போகும். அப்பனைச் சாலேகோவில் அனுப்பியவன் ஊரில் தலை நிமிர்ந்து நடப்பான். அனுப்பாதவன் பேரன் காலம்வரைக்கும் பேச்சு வாங்குவான்.

"டேய்," லேவி தம்பியின் சட்டையைக் கம்பி வழியாகப் பிடித்தான். "இதைப் பண்ணினவன்கிட்ட மாட்டினா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. முதல் வெட்டு தப்பினவன் ரெண்டாவதுக்குக் கையை ஓங்கறப்ப கண்ணை மூடுவான். எல்லாப் பயலும் மூடுவான். அப்பத்தான் உனக்கு நேரம்."

"நான் எங்கண்ணே வெட்டுக்கு முன்னாடி நிக்கப் போறேன்? நான்லாம் ஓடுற ஜாதி," என்றான் யூனுஸ். மூன்றாவது கல் விளக்கை உடைத்தது.

* * *

சம்பே அம்மா வாசலிலேயே நின்றாள். ஹெர்லினோடு வேலை பார்த்த தெபோராவை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "நீயும் அந்தப் பொண்ணும்தானே எங்க வெள்ளையன் வாலைப் பிடிச்சு இழுத்து அழ வெச்சீங்க?"

"ஆமாம்மா. அப்ப நாங்க ஸ்டூடண்ட்ஸ்."

"அடுத்த மாசமே எவனோ அவுத்துட்டுப் போயிட்டான். நெத்தியில பிறை மாதிரி வெள்ளை இருக்கும். எங்க தேடியும் கிடைக்கல." குரலைத் தாழ்த்தினாள். "சத்தமாப் பேசாதீங்க. அவருக்கு உடம்பு சரியில்ல. உள்ள படுத்திருக்காரு."

அவள் புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சாவுச்சடங்கு நடக்கிறவரைக்கும் இந்த ஊர் வழக்கத்தில் அவர் நோயாளிதான். வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் பக்கத்தில் வைக்கிறாள். தன் சாவுக்கென்று அவர் ஆசையாக வளர்த்தது அந்தக் கன்று. அது இல்லாமல் அவரை அனுப்பச் சம்பேவுக்கு மனசு வரவில்லை. யூனுஸ் தொப்பியைக் கழற்றி, உள்ளே இருந்தவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தான். அதில் மட்டும் அவன் தமாஷ் பண்ணுவதில்லை.

ஜீப்பில் தெபோரா ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. கம்ப்யூட்டரில் சொருகினால் டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படித்துத் தள்ளுமாம்.

"கன்னுக்குட்டியோட எழுத்து பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்கு. சாலேகோவோடதுதான் கூடத்தோட எரிஞ்சு போச்சு. திரும்ப ஒரு மயிர்வேர் கிடைச்சா போதும்."

"பிறை அடையாளம் இல்லியே அந்த சாலேகோவுக்கு? நான் சந்தையில பாத்தேன். நெத்தி கறுப்பு," என்றான் யூனுஸ்.

"தோலுக்கு மை குத்தலாம்டா," என்றாள் தமாரிஸ். "உள்ள இருக்கிற எழுத்துக்கு எவன் மை குத்துவான்?"

* * *

பொங் லிம்போங்கின் அப்பா சாவுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டிருந்தது. மூங்கில் பந்தல்களில் கறுப்புச் சட்டைக்காரர்கள் கள்ளும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மூங்கிலில் கட்டிய பன்றிகள் உயிர்போகிற மாதிரி அலறின. கீழே சேற்று வயலில் இரண்டு எருமைகள் கொம்போடு கொம்பு மோதிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் கண் பிதுங்கித் தொங்கியது. கூட்டம் ஆவேசமாகக் கத்தியது. எல்லார் கண்ணும் அங்கேதான்.

"இதான் நேரம், போ," என்றாள் தமாரிஸ்.

"அக்கா, நல்லா யோசிச்சுட்டீங்களா? எருமைக்குப் பின்னாடி போய் வாலைப் பிடிச்சு இழுக்கணும். இதுக்கு என்ன சம்பளம்னு நாம பேசவே இல்லியே?"

"உங்கண்ணன் உசுரு."

யூனுஸ் வாயை மூடிக்கொண்டு போனான்.

சாலேகோ தனிப்பந்தலில், தலைக்குமேல் குடையோடு நின்றது. மாப்பிள்ளையைக்கூட இந்த ஊரில் இப்படிக் கவனிக்க மாட்டார்கள். நீலக் கண்ணால் யூனுஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லை மென்றது. அவன் பின்பக்கமாக ஊர்ந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாலில் நாலு மயிரைச் சுருட்டி வெடுக்கென்று இழுத்தான். கிடைத்துவிட்டது!

அடுத்த நொடி யாரோ அவன் தலைமுடியைப் பிடித்து அதே மாதிரி இழுத்தார்கள்.

நாலு பேர். முதல் உதை விலாவில். இரண்டாவது முகத்தில். சேற்றில் குப்புற விழுந்தவனைப் புரட்டிப்போட்டு மார்பில் ஏறி நின்றவன் காலேப், பொங் லிம்போங்கின் மருமகன். இடுப்பிலிருந்து நீளக் கத்தியை உருவி யூனுஸின் மணிக்கட்டில் வைத்தான்.

"கையைத் தொறக்கறியா, கையே வேணாமா?"

"யோசிக்க டைம் குடுங்கண்ணே," என்றான் யூனுஸ், வாயில் ரத்தத்தோடு. காலேப் அவன் சுண்டுவிரலைப் பின்னால் மடித்தான். டப்பென்று சத்தம் கேட்டது. யூனுஸ் அலறினான். விரல்கள் தானாக விரிந்தன. நாலு மயிரையும் காலேப் எடுத்து, சேற்றில் போட்டுக் காலால் தேய்த்தான்.

பொங் லிம்போங் வந்து நின்றார். கறுப்புப் பட்டு, கழுத்தில் பன்றிப்பல் மாலை, குளித்துத் துடைத்த மாதிரி ஒரு முகம். யூனுஸைப் பார்த்தார். அவன் பின்னால் வந்து நின்ற தமாரிஸைப் பார்த்தார். ஹெர்லின் கேட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரியே இவளும் வந்து நிற்கிறாள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

"எங்கப்பா ஏறிப் போற வாகனத்து மேலயா கையை வெச்ச?" என்றார். பிறகு திரும்பி, "சாலேகோவை இப்பவே வெட்டுங்க," என்றார்.

"பொங், அதோட முறை நாளைக்கில்ல?" சடங்கு நடத்தும் பெரியவர் பதறினார். "லேவி வேற இல்ல. யாரு வெட்டுறது?"

"நான் வெட்டறேன்," என்றான் காலேப்.

சாலேகோவை இழுத்துவந்து முன்காலைக் கல்லோடு கட்டினார்கள். காலேப் மூக்குக்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். கத்தி மின்னியது.

வெட்டு தாடையெலும்பில் மோதி நின்றுவிட்டது.

எருமை கத்திய கத்தல் எதிர்மலையில் போய் எதிரொலித்தது. பின்காலில் எழுந்து நின்றது. கயிறு அறுந்தது. பிடித்திருந்த ஒருவனை உதைத்துப் பந்தலுக்குள் எறிந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி அறுந்த கழுத்தோடு அது திடலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரத்தம் விருந்தாளிகள் மேலெல்லாம் தெறித்தது. கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரே வெட்டில் விழவேண்டிய எருமை! என்ன அசிங்கம் இது! காலேப் பின்னாலேயே ஓடி, வெறிபிடித்தவன் மாதிரி கத்தியை ஓங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு வெட்டு வெட்டினான்.

எருமை யூனுஸுக்கு முன்னால் வந்து விழுந்தது. சேற்றில் கிடந்தபடியே அவன் அதன் கழுத்தைப் பார்த்தான். முதல் வெட்டு தாடையெலும்பில். அதற்கு ஒரு விரல் கீழே இரண்டாவது.

அவன் தமாரிஸைப் பார்த்தான். தமாரிஸ் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

தலையை ஒருபக்கம் கொண்டுபோனார்கள், தோலை ஒருபக்கம். கறி மலைபோல் குவிந்தது. தமாரிஸுக்கும் ஒரு பங்கு வந்தது, மூங்கில் நாரில் கோத்து. பொங் லிம்போங்கே கொண்டுவந்து கொடுத்தார். "விருந்தாளி வெறுங்கையோட போகக் கூடாதும்மா. சாலேகோ கறி. உங்க மிஷின்கிட்டயும் குடுங்க, சாப்பிடட்டும்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

* * *

காலையில் தெபோரா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கியபோது அவள் முகமே சொல்லிவிட்டது.

"ஒத்துப்போகல. இது சம்பே அம்மா வீட்டுக் கன்னு இல்ல."

யூனுஸ் நாற்காலியை உதைத்தான். உடைந்த விரலை மறந்து சுவரில் குத்தினான். வலி உச்சந்தலைவரை ஏறியது. "அவ்வளவுதான். எங்கண்ணனைப் பாலத்துல வெச்சு வெட்டப் போறானுங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கப் போறேன்!" கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

"இருங்க," என்றாள் தெபோரா. திரையை உற்றுப் பார்த்தாள். "இந்த மலையில வெள்ளைப் புள்ளி வர்றதுக்குக் காரணமே ஒரு ஜீன்ல விழுற எழுத்துப் பிழைதான். கன்னுக்குட்டிக்கு அந்தப் பிழை இருந்துது. இந்தக் கறியில இல்ல. இது சாலேகோவே கிடையாது. வெறும் கறுப்பு எருமை."

"கறியை மாத்திக் குடுத்துட்டான் படுபாவி! அதான் அந்தச் சிரிப்பு சிரிச்சான்!"

தமாரிஸ் எழுந்தாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா என்று யூனுஸுக்குச் சந்தேகமாக இருந்தது; இதற்கு முன் அவன் பார்த்ததில்லை.

"வண்டியை எடுடா. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. லேவியைக் கீழ கொண்டுபோற வழியில பொங் லிம்போங் வீட்டுல நிறுத்தச் சொல்லு. பாலத்துல நிக்கிற அண்ணனுங்களும் வந்தா வரட்டும். ஆள் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது."

"அக்கா, எங்கண்ணன் உசுரோட விளையாடுறீங்க."

"விளையாடல. கறியை மாத்தினவன் ஒண்ணை மாத்தல. நேத்துச் சாயங்காலமே அவன் வீட்டு வாசல்ல பாத்தேன். ஆனா அது எந்த எருமையோடதுன்னு நான் சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் வாயால வரணும்."

* * *

செதுக்கு வேலைப்பாடுள்ள அந்தப் பெரிய வீட்டின் முன்தூணில், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாவுகளுக்கு வெட்டிய எருமைகளின் கொம்புகள் கீழிருந்து மேல்வரை வரிசையாகக் கட்டியிருந்தன. உச்சியில் ஒரு புதுக் கொம்பு. அடியில் ரத்தம்கூடக் காயவில்லை. வழக்கப்படி சடங்கெல்லாம் முடிந்து, கொம்பு காய்ந்த பிறகுதான் தூண் ஏறும். பொங் லிம்போங்குக்குப் பொறுக்கவில்லை. இத்தனை விருந்தாளிகள் கலைவதற்குள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற அவசரம்.

போலீஸ் ஜீப் திடலில் வந்து நின்றது. பின்னாலேயே லாரியில் ஹெர்லினின் அண்ணன்மார். மூத்தவன் எஸ்ரா கத்தியோடு குதித்தான். கான்ஸ்டபிள்கள் லேவியைச் சுற்றி நின்றார்கள்.

தமாரிஸ் திடலின் நடுவில் போய் நின்றாள். கையில் மூங்கில் நாரில் கோத்த கறி.

"நேத்து பொங் லிம்போங் எனக்குச் சாலேகோ கறின்னு இதைக் குடுத்தாரு. ஹெர்லின் பண்ற மாதிரியே இதைப் படிச்சுப் பாத்தோம். இது கறுப்பு எருமை." எல்லாப் பந்தலுக்கும் கேட்கும்படி சொன்னாள். "பொங் லிம்போங், உங்கப்பாவை வெள்ளைச் சாயம் பூசின எருமையிலயா அனுப்பிவெச்சீங்க?"

எதிர்ப்பந்தலில், பங்காளி வீட்டுக் கூட்டத்தில், யாரோ களுக்கென்று சிரித்தான். "அதான் நேத்து சட்டுனு வெட்டுனாங்களா? மழை வந்தா சாயம் போயிருமில்ல!" சிரிப்பு பந்தலுக்குப் பந்தல் தாவியது. ஒரு கிழவி, "ஐயோ, அந்த மனுஷன் ஆவி எங்க நிக்குதோ!" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

பொங் லிம்போங்கின் முகம் கறுத்தது. கொலை என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். திருட்டு என்று சொல்லியிருந்தால் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார். சாயம் என்றால் அந்த மனுஷனால் எப்படித் தாங்க முடியும்?

"சாயமா?" என்று கர்ஜித்தார். "எவன்டா சொன்னது சாயம்னு? எங்கப்பா போனது அசல் சாலேகோவுல! உனக்குக் குடுத்தது வேற எருமைக் கறிடி! வேணும்னே மாத்திக் குடுத்தேன்! அதோ பாரு கொம்பு, அது சாலேகோ கொம்பு! எந்த மிஷினை வேணாலும் கொண்டாந்து படிச்சுப் பாரு!"

"மாமா, வேணாம்!" என்று கத்தினான் காலேப்.

அத்தனை பேர் காதிலும் பெருமைதான் விழுந்தது. காலேப் ஒருத்தன் காதில்தான் தூக்குக்கயிறு விழுந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா சார்?" என்றாள் தமாரிஸ்.

"கேட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஊரே கேட்டுச்சு."

தெபோரா ஏணியில் ஏறினாள். சின்ன டிரில்லைக் கொம்பின் அடியில் வைத்தாள். வெள்ளைத் தூள் குப்பிக்குள் விழுந்தது. அவள் மூடியைத் திருகும்போதே காலேப் பாய்ந்தான்.

அவன் கையில் நேற்றைய கத்தி. ஏணியை எட்டி உதைத்தான். தெபோரா குப்பியை நெஞ்சோடு அணைத்தபடி கீழே விழுந்தாள். கத்தி இறங்கியது. எப்படி நடுவில் போய் விழுந்தோம் என்று யூனுஸுக்கு இன்றுவரை தெரியாது. அவன்தான் ஓடுகிற ஜாதியாயிற்றே! வெட்டு அவன் தோளை உரசிக்கொண்டு போய்த் தூணில் பாய்ந்து சிக்கியது. சதை பிளந்து சூடாக வழிந்தது. காலேப் கத்தியைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான்.

"யூனுஸ்! இப்ப!" ஜீப்பிலிருந்து லேவியின் குரல்.

காலேப்பின் கண் மூடியிருந்தது. அண்ணன் சொன்ன மாதிரியே இறுக மூடியிருந்தது. யூனுஸ் தலையைக் குனிந்து அவன் வயிற்றில் மோதினான். இருவரும் தூணில் போய் விழுந்தார்கள். கத்தி பறந்தது. யூனுஸ் கைக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் குத்தினான், குத்த முடியாதபோது கடித்தான். காலேப்பின் காது பாதி அவன் வாயோடு வந்துவிட்டது. நாலு கான்ஸ்டபிளும் சேர்ந்து பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

"காது நுனி," என்று அதைத் துப்பினான் யூனுஸ். "தெபோரா, இதையும் படிச்சுப் பாரு. எந்த வம்சம்னு தெரிஞ்சுக்கலாம்."

* * *

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கொம்புத்தூள் படித்து முடிகிறவரைக்கும் பந்தல் பந்தலாக உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் தெபோரா நிமிர்ந்தாள்.

"ஒண்ணேதான். சம்பே அம்மா வீட்டுக் கன்னுக்குட்டியும் இதுவும் ஒரே எருமை."

காலேப் உடைந்துபோனான். "அவருதான் சொன்னாரு! அந்தப் பொண்ணு வாயை மூடிட்டு வான்னு அவருதான் அனுப்பினாரு!" என்று மாமனாரைக் கைகாட்டி அழுதான். எஸ்ரா கத்தியோடு அவன்மேல் பாய்ந்தான். தமாரிஸ் குறுக்கே நின்றாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் பாஞ்சீங்க," என்றாள். "தப்பான ஆளு மேல."

எஸ்ரா லேவியைப் பார்த்தான். வீங்கிய கண்ணையும் உடைந்த வாயையும் பார்த்தான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அவ போறப்ப தனியா இல்லடா," என்றான் லேவி. "நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

பொங் லிம்போங்குக்கு விலங்கு மாட்டினார்கள். அவர் கண் கலங்கவில்லை. கொலைக்கேஸ் என்றார் இன்ஸ்பெக்டர்; இவர் தலையாட்டினார். வாழ்நாள் முழுக்க ஜெயில் என்றார்; அதற்கும் தலையாட்டினார். அப்போது சம்பே அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தூண் உச்சியைக் காட்டினாள்.

"அது எங்க வெள்ளையன். எறக்கிக் குடுங்க. அவரு ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டுப் படுத்திருக்காரு."

லேவி ஏணியை நிமிர்த்தி ஏறினான். முடிச்சை அவிழ்த்தான்.

"வேணாம்!" பொங் லிம்போங் விலங்கோடு மண்ணில் விழுந்தார். "என்னைக் கொன்னு போடுங்க! வீட்டை எடுத்துக்கங்க! அதை மட்டும் எறக்காதீங்கடா! எங்கப்பா நடந்தா போவாரு? எங்கப்பா நடந்தா போகணும்?"

லேவி கொம்பைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினான்.

"நான் கொண்டாந்து வெக்கிறேன்மா," என்றான். "அவரோட சடங்குக்கு நான்தான் வெட்டுவேன். கூலி வேணாம்."

"ஒரே வெட்டா?" என்று கேட்டாள் சம்பே அம்மா.

"ஒரே வெட்டு," என்றான் லேவி.